சாட்டிக் கடலில் விழும் வெளிச்சம்

அன்புள்ள மருமகளுக்கு,

சாட்டியில் காலையில் கடல் கண்ணைக் கூசவைக்கிறது, மத்தியானம் அடிமணல் தெரிகிறது, ஏன் மாமா என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி.

தண்ணீரில் விழும் ஒளிக்கதிர் அங்கேயே பங்கு பிரிகிறது. ஒரு பங்கு தெறிக்கும், மற்றது முறிந்து உள்ளே போகும். காரணம் வேகம். காற்றில் செல்லும் வேகத்தில் முக்கால் பங்குதான் ஒளிக்குத் தண்ணீருக்குள் உண்டு. வேகம் மாறும் எல்லையில் ஒளியலையின் ஒரு பகுதி திரும்பியே ஆகவேண்டும். எவ்வளவு திரும்பும் என்பதற்குப் பிரான்சின் பிரெனெல் 1823இல் சூத்திரம் தந்தார். நேர் உச்சியிலிருந்து விழுந்தால் நூற்றுக்கு 2 பங்குதான் தெறிக்கும். செவ்வனோடு 60 பாகை சாய்ந்தால் 6, 80 பாகையில் ஏறத்தாழ 35. காலைக் கூச்சமெல்லாம் அந்தக் கடைசிச் சரிவில்தான். உன் பார்வைக்கும் இதே கணக்கு: காலடியில் மணல் தெரியும், தூரத்தில் வானம்தான் தெரியும்.

தண்ணீருக்குள்ளிருந்து மேலே வரும் கதிர் 49 பாகைக்கு மேல் சாய்ந்தால் வெளியேறவே முடியாது. அதுதான் உங்கள் புத்தகத்திலுள்ள முழு உட்தெறிப்பு.

எனக்கு மிகப் பிடித்தது வேறொரு கோணம்: 53 பாகை. அங்கே தெறிக்கும் ஒளி ஒரே திசையில் அதிரும். அதை மட்டும் வடிகட்டி நீக்கலாம். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1921இல் கப்பலில் வரும்போது இதைத்தான் செய்தார். ஆழ்கடலின் நீலம் வானத்தின் தெறிப்பே என்று இயற்பியலாளர் ரேலி பிரபு சொல்லியிருந்தார். ராமன், ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் நிக்கோல் அரியத்தால் தெறிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் தெளிந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று நிறுவினார். கையடக்கக் கருவி ஒன்று, சரியான கோணம் ஒன்று. பெரிய பெயரோடு வந்த கருத்து விழுந்தது. அந்தத் துணிவுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அதே வேலையைச் செய்யும் முனைவாக்கக் கறுப்புக் கண்ணாடி யாரிடமாவது இரவல் வாங்கு. வெயில் சாய்ந்தபின் கரையில் நின்று, கிடைமட்டத்திலிருந்து 37 பாகை கீழே பார்த்து, கண்ணாடியை மெல்லச் சுழற்று. சூரியன் பளபளக்கும் பக்கம் பார்க்காதே. எந்த நிலையில் மணல் தெளிகிறது என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா