மூச்சைக் கணிக்கும் பேஸ்மேக்கர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பேஸ்மேக்கருக்குள் காற்றை உணரும் உறுப்பு எதுவும் கிடையாது. அதன் கம்பி மூச்சுக்குழாய்க்கோ நுரையீரலுக்கோ போவதும் இல்லை. கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்துத் தைத்த சின்ன உலோகப் பெட்டி, அதிலிருந்து இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் இறங்கும் ஒன்றிரண்டு கம்பிகள்: பெரும்பாலான பேஸ்மேக்கர்கள் இவ்வளவுதான். இருந்தும் சில வகைகள் மூச்சை அளக்கின்றன என்று சொல்லப்படுகிறது. அது பொய்யல்ல. ஆனால் அவை நேரடியாக அளப்பது மூச்சை அல்ல, மார்பின் மின்தடையை.

இதயத்துக்குள் இருக்கும் கம்பிக்கும் வெளியே இருக்கும் பெட்டிக்கும் இடையே, மார்பின் குறுக்காக, மிக நுண்ணிய மின்துடிப்புகள் விடாமல் அனுப்பப்படுகின்றன. பல கருவிகளில் விநாடிக்கு 20. மூச்சை இழுக்கும்போது நுரையீரலில் காற்று நிறைகிறது. காற்று மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பதால் தடை கூடுகிறது. மூச்சை விட்டதும் குறைகிறது. இந்த அலை நிமிடத்துக்கு எத்தனை முறை எழுகிறது என்பது மூச்சின் வேகம், எவ்வளவு உயரம் எழுகிறது என்பது மூச்சின் ஆழம். இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று போய்வருகிறது என்பதன் சாயல் கிடைத்துவிடும். சும்மா உட்கார்ந்திருப்பவர் ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் வீதம் நிமிடத்துக்கு 12 முறை இழுத்தால் 6 லிட்டர். ஓடும்போது இது பல மடங்காகும். பேஸ்மேக்கருக்கு இந்த லிட்டர் கணக்கு தெரியாது. அந்த ஆள் ஓய்வாக இருக்கும்போது பதிவான அளவை விட இப்போது எவ்வளவு கூடியிருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அதனால்தான் சில கருவிகளில் உணரியை இயக்கும்போது, கையை ஆட்டாமல் பேசாமல் சில நிமிடம் அமைதியாக இருக்கும்படி நோயாளியிடம் சொல்கிறார்கள். அடிப்படை அளவு அங்கே தவறினால் பிறகு வரும் கணக்கும் தவறும்.

விநாடிக்கு 20 முறை மின்சாரம் பாய்ந்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்காதா என்பது நியாயமான சந்தேகம். இதயத்தைத் துடிக்க வைக்கும் துடிப்பு சுமார் 0.4 மில்லிவிநாடி நீடிக்கும், அதாவது 400 மைக்ரோவிநாடி. மூச்சை அறியும் ஆரம்பகாலக் கருவிகள் சில அனுப்பியது 1 மில்லிஆம்பியரில் வெறும் 15 மைக்ரோவிநாடித் துடிப்பு. அவ்வளவு குறுகிய நேரத்தில் இதயத் தசை கிளர்ச்சியடையாது.

உழைப்புக்கு ஏற்ப இதயத் துடிப்பின் வேகத்தைக் கூட்டத்தான் இந்தக் கணக்கெல்லாம். ஆனால் எல்லாப் பேஸ்மேக்கரும் மூச்சைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுகிறது என்பது சரியல்ல. உடல் அசைவை உணரும் முடுக்கமானிதான் பரவலாக இருப்பது. அது சட்டென்று வேலை செய்யும், ஆனால் எளிதில் ஏமாறும். மேடு பள்ளச் சாலையில் பேருந்து குலுங்கினாலும் பயணி நடக்கிறார் என்று எண்ணிக்கொள்ளும். மாடிப்படி ஏறுவதை விட இறங்கும்போது, அதிர்வு கூடுதல் என்பதால், துடிப்பைக் கூட்டிவிடும். உடலின் தேவை நேர் எதிரானது. மூச்சு இந்த இடத்தில் நேர்மையான சாட்சி, ஆனால் தாமதமாக வரும் சாட்சி. உழைப்பு தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூச்சு வாங்கும். ஆகவே சில கருவிகள் இரண்டையும் கலந்து முடிவெடுக்கின்றன.

மூச்சு கூடினாலே இதயத்துக்குத் தேவை கூடிவிட்டது என்று பொருளா? இல்லை. படபடப்பில் வேகவேகமாக மூச்சுவிட்டாலும், பெட்டி இருக்கும் பக்கத்துக் கையை வீசிவீசி ஆட்டினாலும் தடை மாறும், துடிப்பு ஏறும். வென்டிலேட்டர் தள்ளும் காற்றும் அதன் கணக்கில் மூச்சுதான்.

இவற்றை விட விபரீதமானது இரண்டு கருவிகள் ஒன்றையொன்று தவறாகப் புரிந்துகொள்வது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மார்பில் ஒட்டப்படும் ஈசிஜி மானிட்டர்கள் பலவும் இதே தந்திரத்தால், அதாவது சொந்தமாகச் சிறு மின்னோட்டம் அனுப்பித்தான், மூச்சை எண்ணுகின்றன. அந்த மின்னோட்டத்தை பேஸ்மேக்கர் மூச்சு என்று எடுத்துக்கொண்டால், அசையாமல் படுத்திருப்பவரின் இதயத்தை அனுமதித்த உச்ச வேகத்துக்கே ஓட்டிவிடும். திரையில் அகன்ற அலைகள் வேகமாக ஓடுவதைப் பார்க்கும் மருத்துவருக்கு, இது ஆபத்தான இதயத் தாளக்கோளாறு என்று தோன்றுவதில் வியப்பில்லை. தேவையற்ற மருந்து ஏறக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998 அக்டோபரில் இதைப் பற்றியே எச்சரிக்கை விடுத்தது. தீர்வு எளிது: மானிட்டரின் மூச்சு எண்ணும் வசதியையோ பேஸ்மேக்கரின் மூச்சு உணரியையோ அணைத்துவிட்டால் போதும். சிக்கல், அப்படி ஓர் உணரி இருப்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரியாமல் போவதில்தான்.

2017 இறுதியில் வெளியான எச்சரிக்கை இதற்கு எதிர்த்திசை. கம்பியின் இணைப்பில் அவ்வப்போது கோளாறு நேரும்போது, மூச்சுக்காகத் தான் அனுப்பிய துடிப்புகளையே பேஸ்மேக்கர் இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டது. இதயம்தான் துடிக்கிறதே என்று தன் வேலையை நிறுத்தியது. சிலருக்குத் தலைசுற்றலும் மயக்கமும் வந்தன. உணரியை அணைப்பதே உடனடி வழியாக இருந்தது. இப்படிப்பட்ட குழப்பத்தைத் தானே கண்டுபிடிக்கும் மென்பொருள் பின்னர் வந்தது.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவை பேஸ்மேக்கர் குணப்படுத்தும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 2002இல் பிரான்சில் 15 பேரிடம் நடந்த ஆய்வில், இரவில் இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 15 கூட்டி வைத்தபோது மூச்சு நிற்பது குறைந்தது. நம்பிக்கை பரவியது. தொண்டை அடைப்பால் ஆப்னியா வருபவர்களிடம் செய்து பார்த்த பிந்தைய ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. 2005இல் வெளியான ஒன்றில், காற்றழுத்த முகமூடிதான் வேலை செய்தது.

கண்டுபிடிப்பது வேறு சங்கதி. மூச்சு 10 விநாடிக்கு மேல் நின்ற தடவைகளை இரவு முழுக்க எண்ணிச் சொல்லும் பேஸ்மேக்கர்கள் உண்டு. கடுமையான ஆப்னியாவை அவை ஓரளவு நன்றாகவே பிடிக்கின்றன. ஆனாலும் நோயாளி உண்மையில் தூங்குகிறாரா, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது என்பவை அவற்றுக்குத் தெரியாது. தொண்டை அடைத்துக் காற்று போகாதபோதும் மார்பு அசைந்துகொண்டிருந்தால் அலையும் ஓரளவு எழுந்துகொண்டிருக்கும். எனவே நோயை உறுதிசெய்ய முறையான தூக்கப் பரிசோதனை வேண்டும்.

ஒருவரின் பேஸ்மேக்கரில் மூச்சு உணரி இயங்குகிறதா என்பதை அவர் பையில் இருக்கும் அடையாள அட்டையைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. அட்டையில் இருப்பது கருவியின் பெயரும் எண்ணும். உணரி அணைந்திருக்கலாம், சில கருவிகளில் மூச்சைக் குறித்துக்கொண்டே, துடிப்பை மாற்றாமல் சும்மா இருக்கும்படியும் அமைக்கலாம். எந்த நிலையில் இருக்கிறது என்பது, மருத்துவமனையில் அதற்கான கணினியோடு பேஸ்மேக்கரைத் தொடர்புபடுத்திப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.