நர்சரிச் செடியின் முதல் பூவைக் கிள்ளிவிடுங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் கிளியனூர்ப் பக்கத்தில் வாசலில் ஒரு செம்பருத்தியும் இட்லிப்பூவும் வைக்க ஆசை வரும். வைக்கலாம். ஆனால் காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள்: “அண்ணே, இதுக்கு என்ன மருந்து அடிச்சீங்க? வேருல எதாவது ஊத்துனீங்களா, குருணை போட்டீங்களா?”

இலையில் அடித்ததைவிட வேரில் போட்டதுதான் தேனீக்குப் பெரிய ஆபத்து. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்ற பூச்சிமருந்துகள் செடியின் சாற்றோடு ஏறி மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலந்துவிடும். கழுவினால் போகாது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டன் கடைகளில் வாங்கிய 29 செடிகளில் இரண்டில்தான் மருந்து எச்சம் இல்லை. பல செடிகள் ‘தேனீக்கு உகந்தது’ என்ற அட்டையோடு விற்றவை! ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்த இரண்டு மருந்துகளையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. நம் பூச்சிமருந்துக் கடைகளில் அவை கிடைக்கின்றன. புட்டியிலுள்ள வண்ண முக்கோணமும் உதவாது. அது மனிதருக்கான நச்சளவு.

“தெரியாதுங்க, கடியம் நர்சரியில இருந்து லாரியில வந்த செடி” என்றால், மருந்து இருப்பதாகவே கொள்ளுங்கள். செம்பருத்திக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கொம்பு ஒடித்து வாங்கி நடுவது மேல். துலுக்கச் சாமந்தி விதைத்தாலே வரும்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், வீட்டுக்கு வந்ததும் பூ, மொட்டு எல்லாவற்றையும் கிள்ளுங்கள். சாமி படத்துக்கு வைக்கலாம்; செம்பருத்தித் தேநீர் மட்டும் வேண்டாம். தண்டு முற்றும் செடிகளில் மருந்து ஓராண்டுக்கு மேலும் தங்கக்கூடும். அவ்வளவு நாள் கிள்ளிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லையென்றால், பூக்கும் காலத்தில் பழைய கொசுவலையால் மூடுங்கள். செடியோடு வந்த பை மண்ணைப் பூசணி, புடலைக் குழியில் கொட்டவே கூடாது.

பிறகு நீங்களே அடிக்கும் மருந்து. மரக்காணம் உப்பளக் கரையோரத்தில் இலை விளிம்பு கருகினால் பூச்சி என்று ஓடாதீர்கள், பெரும்பாலும் உவர்த்தண்ணீர்தான். சில நாள் நல்ல தண்ணீர் தாராளமாக ஊற்றிப் பாருங்கள். மாவுப்பூச்சியே என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். தேனீக்கள் அடைந்த பின் மாலையில், பூவில் படாமல்.

அருகில் தர்பூசணி போட்டிருந்தால் கொடி பூக்கும் வாரங்களில் நர்சரிச் செடிமேல் போட்ட வலையை எடுக்காதீர்கள். அதில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. காலையில் விரியும் பூக்களுக்கிடையே மகரந்தம் சுமப்பவை தேனீக்கள்தான். அவை உங்கள் வாசலுக்கும் வரும்.