பள்ளிப் பதிவேடுகளும் கணிப்பொறிப் பழுதும்

மாணவரின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், சேர்க்கை எண், பயின்ற வகுப்புகள், பள்ளியை விட்டு நீங்கிய நாள் ஆகியவற்றைக் கொண்டதே பள்ளிப் பதிவேடு. பள்ளி வாழ்வு முடிந்து முப்பது ஆண்டுகள் சென்ற பின்னரும் வயதை மெய்ப்பிக்கவோ, ஓய்வூதியம் பெறவோ, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கவோ அப்பதிவை நாடி வருவோர் உண்டு. வேறு சான்று எதுவும் இல்லாத ஏழைக் குடும்பத்தினருக்கு அந்த ஒரு வரியே முழு ஆதாரமாகும். ஆகவே பதிவேட்டின் அழிவு, யாதொரு பிழையும் செய்யாத ஒருவரின் தலையில் பல்லாண்டுகள் கழித்து வந்து விழும் இழப்பாகும். இவ்விழப்பு எங்ஙனம் நேர்கின்றது, அதனைத் தடுக்கும் வழிகள் யாவை என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஓலையும் வன்தட்டும்

திருவனந்தபுரத்தில் பழவங்காடியை அடுத்த கோட்டைப் பகுதியில் கேரள அரசின் மத்திய ஆவணக் காப்பகம் அமைந்துள்ளது. பத்மநாப சுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் உட்பட, ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள் காப்பகத் துறையின் பாதுகாப்பில் உள்ளன. இவற்றுள் சிலவற்றைப் பொதுமக்கள் காணும்பொருட்டு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் இங்குத் திறக்கப்பட்டது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை முதலிய எழுத்துகளில் அமைந்த இவ்வேடுகள் பல நூற்றாண்டுகளைக் கடந்து வந்தவை.

ஓலை மெதுவாகவே கெடும். ஓரம் உதிர்வதும் பூச்சி அரிப்பதும் கண்ணுக்குப் புலப்படும். காப்போர் தைலம் பூசியும் படியெடுத்தும் அதனைக் காக்க அவகாசம் கிடைக்கும். கணிப்பொறியில் உள்ள பதிவோ, நேற்று வரை முழுமையாக இருந்து இன்று காலை முற்றிலும் இல்லாமற் போகலாம். முன்னறிவிப்பு இன்மையே இதன் தனித்தன்மை.

2. அழிவின் காரணங்கள்

முதலாவது, பொறியின் பழுது. வன்தட்டினுள் காந்தப் பூச்சுக் கொண்ட தகடு விரைந்து சுழல்கின்றது. அதன்மேல் எழுதும் முனை, தலைமயிரின் பருமனில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதக்கின்றது. ஓர் அதிர்ச்சியில் முனை தகட்டைத் தொட்டால், உராய்ந்த இடத்துத் தகவல் அழியும். பென் டிரைவ் போன்றவற்றில் சுழலும் உறுப்பு இல்லை. நுண்ணறைகளில் அடைபட்ட மின்னேற்றமே தகவல். நெடுங்காலம் பயன்படுத்தாது வைத்தால் அம்மின்னேற்றம் சிறிது சிறிதாகக் கசியும்.

இரண்டாவது, மின்சாரம். கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி மின்னல் மிகுதி. மின்கம்பி வழியாகப் பாயும் திடீர் உயரழுத்தம் கணிப்பொறியை மட்டுமன்றி, அதனோடு இணைந்திருக்கும் நகல் தட்டையும் ஒருசேரக் கெடுக்கவல்லது.

மூன்றாவது, மனிதப் பிழையும் தீநிரல்களும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல், இணைப்பில் உள்ள நகல்களையும் தேடிப் பூட்டும்.

நான்காவது, படிக்க இயலாமை. யூனிகோடு பரவுவதற்கு முன்னர்த் தமிழில் பல்வேறு எழுத்துருக்கள் வழங்கின. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ் 16 முறையையும் ஏற்றது. அதற்கு முந்திய கோப்பு பழுதின்றி இருப்பினும், உரிய எழுத்துரு இல்லையேல் பெயர்கள் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

3. மூன்று நிகழ்ச்சிகள்

இக்காரணங்கள் வெறும் கற்பனை அல்ல என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் சான்று.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2016ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், தகவல் சேமிப்புப் பொறியின் ஓர் உறுப்பு பழுதுற்றது. ஓர் உறுப்பு கெட்டாலும் மற்றவை சுமை தாங்கும் வகையில் அமைந்த பொறி அது. எனினும் சீர்செய்ய முற்பட்டபோது தொகுதி முழுவதும் செயலிழந்தது. காப்பு நகல் சில பகுதிகளுக்கு முழுமையாக எடுக்கப்படவில்லை என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. நகல் எடுக்கப்படுகின்றது என்னும் நம்பிக்கை வேறு. நகல் உள்ளது என்னும் உறுதி வேறு.

இலங்கையில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசின் கணிப்பொறித் தொகுதியைத் தீநிரல் தாக்கிற்று. இணைப்பில் இருந்த காப்பு நகலும் பூட்டப்பட்டது. இணைப்பற்ற நகலோ அக்காலத்திற்கு இல்லை. விளைவாக, அரசின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் மீளவில்லை.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில், மாணவர்களின் கற்றல் கருவிகளை மேற்பார்வை செய்யும் ‘மொபைல் கார்டியன்’ என்னும் செயலியினுள் அந்நியர் புகுந்தனர். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் கருவிகளிலிருந்த தகவல்கள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. வேறிடத்தில் நகல் வைத்திராதோர் தம் பாடக் குறிப்புகளை இழந்தனர். ஓரிடத்து ஆணை பல பள்ளிகளையும் ஒரு கணத்தில் எட்டுமாயின், ஓரிடத்துத் தீங்கும் அங்ஙனமே எட்டும்.

4. காகிதம் மட்டும் போதுமா?

போதாது. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கேரளத்தில் பலர் வீட்டிலிருந்த சான்றிதழ்களை இழந்தனர். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவில் வெள்ளார்மலைப் பள்ளியே சேதமுற்றது. இவ்விரு சமயங்களிலும் சிறப்பு முகாம்கள் வாயிலாகச் சான்றிதழ்கள் மீண்டும் வழங்கப்பட்டன. விவரங்கள் வேறோர் இடத்தில் இருந்தமையாலேயே அது இயன்றது. ஆகவே காகிதமா, கணிப்பொறியா என்பது சரியான வினா அன்று. ஒரே விபத்தில் அகப்படாத இரண்டாவது நகல் எங்கே உள்ளது, அதனைப் படித்துப் பார்த்தோமா என்பனவே வினாக்கள்.

5. பள்ளியில் கைக்கொள்ளத்தக்க முறை

கேரளப் பள்ளிகளின் மாணவர் விவரங்கள் ‘சம்பூர்ணா’ என்னும் மாநிலத் தொகுப்பில் பதியப்படுகின்றன. மத்திய அரசின் ‘யூடைஸ் பிளஸ்’ தொகுப்பும் 2022-23 முதல் மாணவர்வாரியாக விவரம் பெறுகின்றது. மையத் தொகுப்பு பெருந்துணையே. எனினும் பள்ளியில் தவறாக மாற்றிய பதிவு அங்கும் தவறாகவே நிற்கும். எனவே மூன்று நகல்கள், இருவகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேறிடத்தில் என்னும் பொதுவிதியைப் பள்ளிகளும் பின்பற்றுதல் நலம்.

(அ) மையத் தொகுப்பில் உள்ளது முதல் நகல்.

(ஆ) மாதம் ஒருமுறை விவரங்களைத் தனித் தட்டில் எடுத்து, நாளைக் குறித்து, இணைப்பை நீக்கி, ஈரமற்ற பூட்டிய பேழையில் வைக்க வேண்டும். எந்தக் கணிப்பொறியும் படிக்கவல்ல எளிய அட்டவணைக் கோப்பாக அது இருத்தல் வேண்டும்.

(இ) சேர்க்கைப் பதிவேட்டை மையினால் எழுதி வருவதைக் கைவிடலாகாது. ஆண்டிறுதியில் அச்சிட்ட பட்டியல் ஒன்றைத் தலைமையாசிரியரின் கையொப்பத்துடன், உரிய அனுமதி பெற்று, மேல் அலுவலகத்தில் வைத்தல் நன்று.

(ஈ) நகல்களில் குழந்தைகளின் அந்தரங்க விவரங்கள் உள்ளன. ஆகையால் தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டுக. சொந்தப் பென் டிரைவில் வீட்டுக்கு எடுத்துச் செல்வது காப்பு ஆகாது.

6. சரிபார்க்கும் கணக்கு

பருவத்திற்கு ஒருமுறை நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்க்க வேண்டும். வகுப்புவாரி எண்ணிக்கையை வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டபின், சேர்க்கை எண்களைக் கூட்டிப் பார்க்கவும்.

எடுத்துக்காட்டாக, பதிவேட்டில் ஐவரின் எண்கள் 7201, 7204, 7209, 7215, 7222 எனில் கூட்டுத்தொகை 36,051. நகலில் 36,087 வருமாயின் வேறுபாடு 36. இது 9ஆல் மீதியின்றி வகுபடுகின்றது. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வேறுபாடு எப்போதும் 9இன் மடங்காகவே இருக்கும். ஆகவே அத்தகைய பிழையை முதலில் தேடலாம். இங்கு 7215 என்பது 7251 எனப் பதிந்துள்ளது. இரு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து கூட்டுத்தொகை மாறாதிருத்தலும் கூடும். எனவே பத்துப் பெயர்களையேனும் பிறந்த நாளுடன் நேருக்கு நேர் ஒப்பிடுதல் அவசியம். எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு இதே கணக்கைக் கற்பனை எண்களைக் கொண்டு பயிற்சியாகவும் அளிக்கலாம்.

பள்ளிகளைப் பார்வையிடச் செல்லும் களப் பணியாளர், “காப்பு நகல் உண்டா?” என வினவுவதோடு அமையாது, “இறுதியாக அதனைத் திறந்து பார்த்த நாள் எது?” என்றும் கேட்பாராக. அந்நாளைக் குறிக்கத் தலைமையாசிரியரின் மேசையில் ஒரு சிறு குறிப்பேடு இருப்பின், இப்பாடத்தின் நோக்கம் நிறைவேறியதாகும்.