பனைமலைக் குன்றின்மேல் ஒரு பாடம்

கிராமச் சீரமைப்பு என்பது கிணறு வெட்டுவதும் பாதை போடுவதும் மாத்திரமன்று. தம் ஊருக்கு ஜலம் எங்கிருந்து வருகிறது, எங்கே தடைப்படுகிறது என்பதைக் குடியானவரும் அவர்தம் பிள்ளைகளும் கண்ணாற் கண்டறிதலும் அதன்பாற் பட்டதே. கோலியனூர் வட்டாரம் சமதரை. நெல்லும் கரும்பும் விளையும் அவ்வயல்களில் நின்று நோக்குவார்க்கு வாய்க்காலின் தலைப்பும் கடையும் புலப்படா. ஆதலின் இவ்வட்டாரத்து உபாத்தியாயர்கள் தம் மாணாக்கரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு குன்றின்மேல் அழைத்துச் செல்லுதல் நலம். விழுப்புரத்துக்கு வடமேற்கே உள்ள பனைமலை அதற்கு ஏற்றது.

1. காலமும் ஆயத்தமும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் வரும் தை, மாசி மாதங்களே தக்க காலம். வெயில் கடுமையாயிராது. காலையில் ஏறி, பாறை சூடேறுமுன் இறங்கிவிட வேண்டும். குன்று சிறிதாதலின் இளம் பிள்ளைகளும் வருத்தமின்றி ஏறலாம். குடிநீர் உடன் கொண்டு செல்க.

2. அடிவாரத்தில் செய்யத்தக்க சோதனை

ஒரு செம்பு ஜலத்தை வெறும் பாறைச் சரிவில் ஊற்றச் செய்க. அது கணத்தில் ஓடி மறையும். அவ்வளவு ஜலத்தையே புல் மூடிய தரையில் ஊற்றுக. அது மெல்லப் பரவி மண்ணுள் இறங்கும். பின்பு, புல்லில்லாத தளர்ந்த மண்ணில் ஊற்றுக. அது மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கி ஓடும். மழையும் இவ்வாறே செய்கிறது. கரைந்த மண் ஏரியிற் படிந்து அதை மேடாக்க, ஏரியின் கொள்ளளவு குறைகிறது. ஆகவே சரிவிலுள்ள புதரை விறகுக்காக வேரோடு பறிப்பவர், தம் வயலுக்குரிய ஜலத்தையே பறிப்பவராவர்.

3. உச்சியில் காணத்தக்கவை

குன்றின்மேல் விளங்குவது தாலகிரீசுவரர் ஆலயம். தாலம் என்பது பனை, ஊர்ப்பெயரும் அதுவே. கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராஜசிம்ம பல்லவன் இதனைக் கட்டுவித்தான். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் அவன் எடுத்ததே. இங்கே குடை நிழலில் நிற்கும் தேவியின் வர்ண ஓவியம், சிதைந்தும் அழகு குன்றாது உள்ளது. சுவரைத் தொடுதலும் பெயர் கிறுக்குதலும் கூடா எனப் பிள்ளைகளுக்கு முன்னரே உணர்த்துக.

இனிக் கீழே நோக்குக. குன்றின் அருகே பனைமலை ஏரி விரிந்து கிடக்கிறது. கரை, மதகு, கலிங்கு, ஆயக்கட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டுக.

4. கடைமடையின் கதை

இவ்வேரி குன்றில் விழும் மழையை மாத்திரம் நம்பியதன்று. திருவண்ணாமலைப் பக்கம் கீரனூரருகே துரிஞ்சலாற்றிலிருந்து பிரியும் நந்தன் கால்வாய், வழியிலுள்ள ஏரிகளுக்கு நீரளித்து, இறுதியில் பனைமலை ஏரியை அடையுமாறு அமைக்கப்பட்டது. கால்வாய் தூர்ந்து கரை சிதைந்தமையால், கடைக்கோடியிலுள்ள இவ்வேரிக்குப் பல ஆண்டுகள் அதன் நீர் எட்டவில்லை. மேலூரார் ஓரிடத்தில் கரையை உடைத்தாலும், குப்பையால் அடைத்தாலும், அதன் துன்பம் தாம் காணாத கீழூரில் சென்று விளையும். சர்க்கார் தூர் வாரலாம். வாரியதைக் காப்பது கால்வாயோரத்து ஊர்கள் யாவற்றின் கடமையாகும்.

5. மாணாக்கர் விடை எழுதற்குரிய வினாக்கள்

(அ) மூன்று இடங்களிலும் ஊற்றிய ஜலம் வேறு வேறாக ஓடியதன் காரணம் யாது?
(ஆ) ஏரிக்குக் கலிங்கு இல்லையேல் பெருமழையில் யாது நேரும்?
(இ) உம் ஊர் ஏரிக்கு நீர் கொணரும் வாய்க்கால் எது? அது எவ்வெவ்வூர்களைக் கடந்து வருகிறது?

மூன்றாம் வினாவுக்கு வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டும், வாய்க்காலின் ஓரமாக நடந்தும் விடை காண்க. கண்டதைப் படமாக வரைந்து, தூர்ந்த இடங்களைச் சிவப்பு மையாற் குறித்து, ஊராட்சியில் ஒப்புவிக்க வேண்டும். அப்படம் அடுத்த மழைக்கு முன்பே ஊரார் கைக்கு எட்டுமாயின், இப்பாடம் பயன் பெற்றதாகும்.