சிறுதொழில் முனைவோரும் கணக்காயரும்

லூதியானாவின் பின்னலாடைக் கூடங்கள், மொராதாபாத்தின் பித்தளைப் பட்டறைகள், ராஜ்கோட்டின் இயந்திர உறுப்புத் தொழிலகங்கள் ஆகியவற்றுள் பல, ஒரே குடும்பத்தின் முதலாலும் உழைப்பாலும் நடைபெறுபவை. உற்பத்தியிலும் விற்பனையிலும் முனைவோர் காட்டும் அக்கறை, கணக்கு வைப்பதில் பல வேளைகளில் காணப்படுவதில்லை. கணக்காயரை அவர்கள் எவ்வாறு நோக்குகின்றனர் என்பது, தொழிலின் வரிச்சுமையையும் கடன் வசதியையும் பாதிக்கும் காரணிகளுள் ஒன்றாகும்.

சட்டம் ஏற்படுத்திய உறவு

பட்டயக் கணக்காயர் சட்டத்தின்கீழ், 1949 ஜூலை 1ஆம் நாள் இந்தியப் பட்டயக் கணக்காயர் கழகம் அமைந்தது. 1984ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், குறிப்பிட்ட வரம்பைக் கடந்த விற்பனையுடைய தனிநபர், கூட்டாளி நிறுவனங்களுக்கும் வரித் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, ஆண்டு முழுவதும் கணக்கு விவரங்களைத் தாக்கல் செய்யும் கடமையை விதித்தது. இவ்வாறு பலருக்குக் கணக்காயர் தொடர்பு விருப்பத்தால் அன்றிக் கட்டாயத்தால் ஏற்பட்டதாகும்.

மூவகை மனப்பான்மை

முதலாவது, அச்சம். கணக்காயரை அரசின் ஆளாகக் கருதி உண்மை விவரங்களை மறைப்போர் உளர். ஆனால், சட்டம் கோரும் இனங்கள் நீங்கலாக, வாடிக்கையாளரின் இசைவின்றி அவரது செய்திகளை வெளியிடுவது 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழில்முறைத் தவறாகும்.

இரண்டாவது, அலட்சியம். ஆண்டு முடிவில் பட்டியல் கட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்பது இதன் இயல்பு. ஐந்து இலட்ச ரூபாய்க்கு மூலப்பொருள் வாங்கி, 18 விழுக்காடு வரியாக 90,000 ரூபாய் செலுத்திய ஒருவரை எடுத்துக்கொள்வோம். விற்றவர் அந்தப் பட்டியலைத் தம் தாக்கலில் காட்டாவிடில், வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிட்டாது. மாதந்தோறும் சரிபார்த்தால் இக்குறையை உடனே களையலாம்; உரிய கெடு கடந்துவிட்டால் அத்தொகை இழப்பாகவே முடியும்.

மூன்றாவது, முழுப் பொறுப்பையும் ஒப்படைத்துவிடுதல். கடவுச்சொல்லையும் மின்னணுக் கையொப்பத்தையும் கொடுத்துவிட்டு, தாக்கல் செய்யப்பட்டதைப் படித்தும் பாராதிருப்பது பாதுகாப்பானதன்று. அறிக்கையின் உண்மைக்குச் சட்டப்படி பொறுப்பாளர் வரி செலுத்துபவரே.

மறைத்த விற்பனையும் குறைந்த கடனும்

நாயக் குழு 1992இல் அளித்த பரிந்துரையையொட்டி, சிறுதொழில்களுக்கான நடைமுறை மூலதனக் கடன், எதிர்பார்க்கப்படும் ஆண்டு விற்பனையில் 20 விழுக்காடு என்ற அடிப்படையில் கணிக்கப்படுகிறது. தேவை 25 விழுக்காடு எனவும், மீதமுள்ள 5 விழுக்காடு முனைவோரின் பங்கு எனவும் கொள்ளப்படும். ஒரு கோடி ரூபாய் விற்பனையுள்ள தொழிலுக்கு இக்கணக்கின்படி 20 இலட்ச ரூபாய் கடன் கிடைக்கக்கூடும். வரிக்கு அஞ்சி 60 இலட்சமே கணக்கில் காட்டியவருக்கு 12 இலட்சமே கணிக்கப்படும். குறையும் 8 இலட்சத்தைக் கூடுதல் வட்டிக்கு வெளியில் தேடும்போது, மறைத்ததால் மிஞ்சிய வரி வட்டியாகக் கரைகிறது.

தெளிவான கணக்கு உரிமைகளையும் காக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்குரிய தொகையை, உடன்பாடு இருப்பினும், 45 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைத்தல் ஆகாது. தாமதத்திற்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளுக்குச் சான்று இல்லாதவர் இவ்வட்டியைக் கோருவது எளிதன்று.

கணக்காயரின் கடமை

அச்சத்தைப் போக்கும் பொறுப்பு கணக்காயருக்கும் உண்டு. வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் அறிக்கையை விளக்குதல், கட்டணத்தையும் பணியின் எல்லையையும் முன்னரே எழுத்தில் வரையறுத்தல் ஆகியவை நம்பிக்கையை வளர்க்கும். 2019 ஜூலை முதல், தணிக்கை அறிக்கைகளுக்கும் சான்றுகளுக்கும் 18 இலக்கத் தனி அடையாள எண் கட்டாயமாக்கப்பட்டது. அதைக் கொண்டு வங்கிகளும் அலுவலர்களும் சான்றின் மெய்ம்மையைச் சரிபார்க்க இயலும்.

மாவட்டத் தொழில் மையங்கள் அளிக்கும் பயிற்சிகளில், இலாப நட்டக் கணக்கைப் படித்தறியும் பாடத்திற்கும் இடமளிப்பது நலம். தம் கணக்கைத் தாமே படித்துணரும் முனைவோர், கணக்காயரைக் கட்டாயச் செலவாகக் கருதாமல், தொழிலின் துணைவராகக் கொள்வர்.