முதலில் ஊருக்குப் போ

அன்புத் தம்பிக்கு,

சுற்றுச்சூழல் வழக்குகளையும் பழங்குடி மக்களின் வழக்குகளையுமே எடுத்து நடத்தப்போவதாக நீ எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். இந்த வழக்குகளின் பலம் கிராம சபையில்தான் இருக்கிறது. அங்கே சரியாகப் பதிவாகாததை உயர் நீதிமன்றத்தில் எவ்வளவு வாதாடினாலும் ஈடுகட்டுவது கடினம்.

ஒடிசாவின் நியமகிரியைப் பார். டோங்ரியா கோந்து மக்கள் தெய்வமாகக் கும்பிடும் மலை அது. அங்கே பாக்சைட் வெட்டும் திட்டம் பற்றிய வழக்கில், கிராம சபைகளைக் கூட்டி மக்களைக் கேட்கச் சொல்லி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக இருக்க, 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014இல் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

2019இல் நடந்தது வேறு. காட்டுயிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில், வன உரிமை மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. நாடே கொதித்தது. 28ஆம் தேதி அதை நிறுத்திவைத்த நீதிமன்றம், எந்த முறையில் நிராகரித்தீர்கள் என்று மாநிலங்களிடம் விளக்கம் கேட்டது. ஆகவே, காட்டைக் காக்க மனு எழுத உட்காரும்போதெல்லாம், அந்தக் காட்டுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரி.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பட்டா இல்லாதவருக்கும் சாட்சியம் உண்டு. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கலாம். புதைகுழி, கோயில், கிணறு, வரப்பு எல்லாமே ஆதாரம்தான். ‘தாத்தா காலத்திலிருந்து இருக்கோம்’ என்று ஒரு பாட்டி சொன்னால் அதோடு நிறுத்திவிடாதே. தாத்தாவைப் புதைத்த இடம் எது, ராகி விதைத்த புனம் எது என்று கேள்; கூடவே நடந்து போய்ப் பார்த்து வரைபடத்தில் குறி. கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தில் தேதியும் கையெழுத்தும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பக்கம் பக்கமாகப் பார்.

கெடு தவறாதே. கிராம சபைத் தீர்மானத்தை எதிர்த்து உட்கோட்டக் குழுவுக்குப் போக 60 நாள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள். அங்கே தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கலாம். மலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்து உன்னைப் பார்ப்பதற்குள் பாதிக் கெடு போயிருக்கும்.

ஆரம்பத்தில் வருமானம் போதாது. சிவில் வழக்குகளும் பார். வீடு நடந்தால்தான் இந்த வேலையில் நிலைக்க முடியும்.

எந்த மனுவையும் ஊரார் முன் அவர்களுக்குப் புரியும் பேச்சில் முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கு. ‘நாங்க இப்படிச் சொல்லலையே’ என்றால், அந்த வரி உனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் அடித்துவிடு. வழக்கு அவர்களுடையது.

அன்புடன்,
உன் சீனியர்