தென்பெண்ணைக் கரையில் பறவை பார்க்கத் தொடங்குவோருக்கு: ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கான வழிகாட்டி

பறவை பார்க்க வேண்டுமென்றால் வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ போக வேண்டும் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். முதல் ஆண்டில் அங்கெல்லாம் போகாமல் இருப்பதே நல்லது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கெலவரப்பள்ளி அணையை நிரப்பி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் தாண்டிக் கடலூரில் கடல் சேரும் தென்பெண்ணை நம் வீட்டு வாசலில் ஓடுகிறது. அதன் கரையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கடலுக்கு அப்புறம் போகலாம்.

முதலில் ஓர் இடம், ஒன்றே ஒன்று

ஓசூர் நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு ராமநாயக்கன் ஏரி. வண்டி இருந்தால் கெலவரப்பள்ளி அணை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு 1950களில் கட்டிய கே.ஆர்.பி. அணை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை, அதே கரையில், அதே நேரத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் போய் வாருங்கள். புது இடத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் பார்ப்போம். பழகிய இடத்தில், போன வாரம் இருந்தது இன்று இல்லை என்பதும் தெரியும். அக்டோபரில் மின்கம்பியில் திடீரென்று தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால், அது வலசைக் காலம் என்று யாரும் சொல்லாமலே புரியும்.

சூரியன் ஏறி இரண்டு மணி நேரம் வரைதான் நல்ல நேரம். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கு இது வசதி. டீ குடித்துவிட்டு நேராகக் கரைக்கு வந்துவிடலாம்.

கெலவரப்பள்ளிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். மேலே மழை பெய்து தண்ணீர் பெருகினால், பெங்களூர்ப் பக்கத்துக் கழிவு கலந்து, மதகுக்குக் கீழே வெள்ளை நுரை ஆளுயரத்துக்கும் பொங்கும். அந்தத் தண்ணீரில் காலை நனைக்காதீர்கள். நுரை வந்த தேதியையும், அன்று எந்தப் பறவை எங்கே ஒதுங்கியது என்பதையும் கட்டாயம் எழுதி வையுங்கள். இந்த ஆற்றுக்காக நாம் செய்யக்கூடிய உருப்படியான வேலைகளில் அது ஒன்று.

பைனாகுலர்

8×42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பதால் விடியற்கால மங்கலிலும் வெளிச்சம் போதும். பன்னிரண்டு, பதினாறு மடங்கு என்று கடைக்காரர் காட்டுவதை வாங்க வேண்டாம். கை நடுக்கமும் அதே அளவு பெருகும். வாங்கியதும் இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு வலது கண்ணால் மட்டும் பார்த்து, வலப்பக்க வளையத்தைத் திருப்புங்கள். இதைச் செய்யாமலேயே தலைவலி என்று பைனாகுலரை அலமாரியில் போட்டவர்கள் பலர். பறவை தெரிந்ததும் அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள்.

கேமரா இப்போது வேண்டாம். படம் எடுக்கும் அவசரத்தில் பார்ப்பது குறைந்துவிடும்.

மடையானிடம் பாடம்

முதல் மாதத்தில் ஒரே பறவையை நன்றாகப் பார்த்தாலே போதும். என் சிபாரிசு மடையான். கரைச் சேற்றில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பழுப்பும் கோடுமாய் நிற்கும். பக்கத்தில் போகும்வரை சேறா பறவையா என்று தெரியாது. இன்னும் ஓர் அடி வைத்தால் கரகரவென்று கத்திக்கொண்டு எழும்பும். எழும்பின கணத்தில் வெள்ளைக் கொக்கு! இறக்கையும் வாலும் பால் வெள்ளை. மறுபடி உட்கார்ந்து இறக்கையை மடக்கினால் வெள்ளை மறைந்து சேறாகிவிடும். இனப்பெருக்கக் காலத்தில் இதே பறவையின் முதுகு அரக்குச் சிவப்பாக மாறும். நான் சில வாரங்கள் இதை இரண்டு பறவையாகவே குறித்து வைத்திருந்தேன்.

இந்த ஒன்றைப் பழகினால் என்ன கேட்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். உட்காரும்போது எப்படி, பறக்கும்போது எப்படி, அலகு எவ்வளவு நீளம், கால் என்ன நிறம், என்ன செய்துகொண்டிருக்கிறது. நிறத்தைக் கடைசியில் கேளுங்கள். வெயில் ஏறினால் நிறம் பொய் சொல்லும். அடுத்து முக்குளிப்பான், நீர்க்காகம், ஆள்காட்டி, அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடித்துத் தலைகீழாய்ப் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி.

பெயரும் நோட்டும்

ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி, க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ பையில் இருக்கட்டும். செல்பேசியில் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொன்னதைக் கண்ணால் பார்த்தபிறகே எழுதுங்கள். பெயரை ஊராரிடமும் கேளுங்கள். மூன்று மொழி புழங்கும் எல்லை இது. செம்போத்தைக் கன்னடக்காரர் கெம்பூத என்பார், தெலுங்குக்காரர் ஜெமுடு காக்கி என்பார். ஆடு மேய்ப்பவருக்குத் தெரிந்த கூடு எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஒவ்வொன்றும் எத்தனை. காக்கையையும் எண்ணுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈபேர்ட் தளத்தில் ஏற்றிவிடுங்கள். 2015 முதல் ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஏரியின் பட்டியலும் அதில் சேர வேண்டும்.

குன்றுக்கும் காட்டுக்கும்

ஆறு மாதம் கழித்து மேலகிரிப் பக்கமும் கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாறைக் குன்றுகளிலும் தேட வேண்டியது மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைப் புதர்க்காடு தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழிவாய்ப்புள்ள பறவை. கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுக்கும் மாவட்டத்தில் அது இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். அதன் குரலைச் செல்பேசியில் ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்காதீர்கள். கூட்டைக் கண்டால் உடனே திரும்பிவிடுங்கள்.

தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, சானமாவு பக்கம் யானை நடமாட்டம் உண்டு. ராகி முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டாவிலிருந்து கூட்டமாக வரும். வனத்துறையிடம் கேட்காமல், தனியாக, விடியுமுன் அங்கே போகக் கூடாது. 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

கடைசியில் கடலுக்கு

ஓர் ஆண்டு முடிந்ததும் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் கிளம்புங்கள். பூநாரைகளுக்குப் பழவேற்காடு, கோடியக்கரை. ஆனால் முதல் பயணமாகக் கடலூரையே சொல்வேன், நம் ஆறு முடியும் இடம் என்பதால். கடல் வற்றும் நேரத்தை மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். சேறு தெரியும்போதுதான் கரைப்பறவைகள் இரை தேட இறங்கும். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கிட்டே போகாமல் உட்கார்ந்துவிட்டால் அவையே நகர்ந்து வரும்.

உப்புக்கொத்திகள், ஆலாக்கள் என்று புதியவை கண்ணைக் குழப்பும். அப்போது நீரோரத்தில் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடக்கும் சின்ன உள்ளான் ஒன்றைத் தேடுங்கள். மார்போரத்திலிருந்து தோளுக்கு ஏறும் வெள்ளைப் பட்டை இருக்கும். கெலவரப்பள்ளி மதகுக் கல்லில் குளிர்காலம் முழுக்க நீங்கள் பார்த்த அதே பறவைதான். நோட்டில் அதை முதல் வரியில் எழுதுங்கள்.